பக்கவியல்: கண்டிப் பாடசாலை ஊடகக் கழகங்களுக்கு ஓர் இலக்கணம்

எழுத்து, சொல், பொருள் என்று மூன்றாக வகுத்துவிட்டுப் போனார் தொல்காப்பியர். பாடசாலை ஊடகக் கழகம் என்ற ஒன்று அவர் கண்ணில் படவில்லை. அக்குறையை நிரப்பவே இவ்வாய்வு. ஆய்வுக் களம் கண்டி நகரும், அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் போகும் பஸ்களின் பின் ஆசனமும். ஆய்வுப் பொருள், உயர்தர மாணவர்கள் நடத்தும் சஞ்சிகைகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்கள்.

பஸ் ஆசனம் களமாவதற்குக் காரணம் உண்டு. மாணவர் கைபேசி கொண்டுவருவதைப் பெரும்பாலான பாடசாலைகள் அனுமதிப்பதில்லை. ஆகவே பாடசாலையின் சமூக ஊடகத்தை நடத்துகிறவர்கள், பாடசாலைக்குள் அதைத் தொடக்கூடாதவர்கள். காலை ஏழரைக்கு நடந்த நிகழ்வு பகல் ஒன்றரை மணிச் சங்குக்குப் பிறகுதான் உலகுக்குத் தெரியவரும். அதுவும் கண்டி வாவியைச் சுற்றி வாகனங்கள் நெரிந்து நிற்கும் புண்ணியத்தால், ஆசனம் கிடைத்தவனுக்கு.

குல முதல்வரையும் சொல்லிவிட வேண்டும். 1838இல் கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். சட்டம் படித்தவர், பத்திரிகை நடத்தினார், நாவல் எழுதினார், பாடசாலைகளுக்காக உழைத்தார். இத்தனை வேலையையும் அவரால் செய்ய முடிந்ததற்கு, நேற்றைய பதிவுக்கு எத்தனை லைக் என்று பார்க்க வேண்டியிராததே காரணம் என்பது என் துணிபு.

இனி எழுத்ததிகாரம். எழுத்து இரு வகைப்படும்: யுனிகோட், பாமினி. மாணவர் யுனிகோட்டில் எழுதுவர். அலுவலகமும் அச்சகமும் இன்னும் பாமினியில் வாழ்கின்றன. அதிபரின் வாழ்த்துச் செய்தி பாமினியில் வரும். அதை அப்படியே எடுத்து ஃபேஸ்புக்கில் ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துக்களாகக் கிடக்கும். மொழி தின விழாவன்று இப்படி ஒரு பதிவு வெளியாகி, ஒரு மணிநேரம் யாரும் கவனிக்காமல், நாற்பது பேரின் இதயக் குறியையும் பெற்றதை நானே பார்த்திருக்கிறேன். பதிவை வாசிக்காமல் விரும்புவது வாசகர் இயல்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சொல்லதிகாரம் சுருக்கமானது, ஏனெனில் சொற்களே கொஞ்சம். நிகழ்வு எதுவானாலும் அது ‘வெகு விமரிசையாக நடைபெற்றது’. மழை கொட்டி, ஒலிவாங்கி செத்து, பரிசுக் கிண்ணம் கைமாறிப் போனாலும் ‘இனிதே நிறைவுற்றது’. வினைச்சொல் இவ்வாறு உறைந்துவிட்டதால் கழகத்தின் முழு அறிவும் பெயர்ச்சொல்லில் செலவாகிறது. பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி ஆகிய மூவரும் இவ்வரிசையில்தான் வர வேண்டும். ஒருவர் பட்டம் விடுபட்டால் பதிவு நீங்கும். ஒருவர் முகம் விளக்கேற்றும் படத்தில் பாதியாக வெட்டுப்பட்டால் கழகத் தலைவரே நீங்குவார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியும் புழங்கும் பாடசாலைகளில் இத்தனை பெயரும் மூன்று தடவை. படத்தில் இருக்கும் மாணவியின் பெயருக்கு அதன்பிறகு இடம் ஏது?

விளையாட்டு ஒரு புறனடை. தர்மராஜ, கிங்ஸ்வூட் கல்லூரிகள் 1893 முதல் மோதிவரும் கிரிக்கெட் போட்டிக்கு ‘மரூன்களின் சமர்’ என்று பெயர். இரு தரப்புக்கும் மரூன் நிறமே சொந்தம். அந்த வாரம் சுவரொட்டி வடிவமைக்கும் பிள்ளை எதிர்த்தரப்பை எந்த நிறத்தில் காட்டுவது? இலக்கண நூல்கள் இதில் மௌனம் சாதிக்கின்றன.

பொருளதிகாரமே நூலின் உயிர். பொருள் அகம், புறம் என இரண்டு. அகமாவது கழகத்தின் வாட்ஸ்அப் குழு. புறமாவது ஊர் பார்க்கும் பக்கம். அகத்தில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்ற பழைய மரபைக் குழுவினர் இம்மியும் மீறுவதில்லை. ‘சிலர் இன்னும் படம் அனுப்பவில்லை’, ‘யாரோ பாஸ்வேர்டை மாத்தியிருக்கீங்க’ என்றே பேசுவர். யார் அந்தச் சிலர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அகத்திலிருந்து புறத்துக்குப் போகும் வழியில் ஒரு கடவை உண்டு. 1950இல் டேவிட் மானிங் வைட் என்ற அமெரிக்க ஆய்வாளர், எந்தச் செய்தி பத்திரிகைக்குள் போகும் என்று தனியே தீர்மானிக்கும் ஓர் ஆசிரியரை ஆராய்ந்து, அவருக்கு ‘மிஸ்டர் கேட்ஸ்’ என்று பெயர் சூட்டினார். கண்டியில் அவர் பொறுப்பாசிரியர். மரநடுகைப் படம் ஒன்றை அனுப்பிய மாணவனுக்கும் அவருக்கும் நடந்த உரையாடல்:

“சேர், இத போடவா?”

“இருங்க மகன், பிரின்சிபல் சேர் பாக்கணும்.”

“சேர், நேத்தும் அதான் சொன்னீங்க.”

“பின்னால நிக்கிற பிள்ளைக்கு டை இல்லையே. வேற படம் இல்லையா?”

வேறு படம் இருந்தது. அதில் டை இருந்தது, மரம் இல்லை.

இத்தாமதத்தைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஆய்வாளன் ஊரின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்பும் வதந்தியும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பறந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் எல்லாம் நாடெங்கும் முடக்கப்பட்டன. தன் தளம் அவ்வன்முறைக்குப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டபோது 2020 மே ஆகிவிட்டது. இரண்டு வருடங்களுக்கும் மேல். அதனுடன் ஒப்பிட்டால் நம் பொறுப்பாசிரியர் மின்னல். எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கும் ஊரில், ஒரு படத்தை மூன்று நாள் கையில் வைத்துப் பார்க்கும் மனிதரை முழுக்கக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. டை விஷயத்தில் மட்டும் குறைசொல்வேன்.

இறுதியாக, காலம் கடந்த பதிவுகளின் நிலை. பெரஹெரா காலத்தில் நகரப் பாடசாலைகள் மூடப்படும். அதற்கு முன் அனுப்பிய படங்களுக்கு அனுமதி, பாடசாலை திறந்த பிறகு வரும். அதற்குள் செய்தி செய்தியாக இராது. அப்போது அதை ‘மலரும் நினைவுகள்’ என்று தலைப்பிட்டுப் போடலாம் என்பது கழகங்களின் வழக்கு. செய்தியாகப் பெற்ற அனுமதி நினைவுக்கும் செல்லுமா, அல்லது புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதில் பொறுப்பாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.