சிவப்பு மழையில் வந்தது யார்?

வேற்றுக்கிரகத்து அறிவாளிகள் எங்கள் ஊர்ப் பக்கம் வருவார்களா, மாட்டார்களா?
— ஒரு வாசகர், கரமனை

வந்தாச்சு என்றே ஒருமுறை புரளி கிளம்பியது. 2001 ஜூலையில் சங்கனாச்சேரியில் மழை ரத்தச் சிவப்பாகக் கொட்டி, கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பானது. அந்தச் செந்துகள்கள் விண்வெளியிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும் 2006-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்.

திருவனந்தபுரம் ஆக்குளத்துப் புவி அறிவியல் ஆய்வு மையமும் முதலில் எரிகல் வெடித்ததோ என்றுதான் நினைத்தது. பாலோடு தாவரவியல் பூங்காவோடு சேர்ந்து சோதித்தபோது குட்டு உடைந்தது: மரப்பட்டையில் படரும் டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள். சுத்த உள்ளூர்ச் சரக்கு! (பச்சைப்பாசி இனம்தான், நிறம் மட்டும் சிவப்பு.)

சரி, அறிவாளிகள்? 1974-ல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்-13 விண்மீன் கூட்டத்துக்கு ரேடியோவில் ஒரு கடுதாசி போயிருக்கிறது. தூரம் சுமார் 25,000 ஒளியாண்டு. யாராவது படித்து உடனே பதில் போட்டாலும், இங்கே வந்து சேர மொத்தம் 50,000 வருஷம் ஆகும்.

அதுவரை கரமனை வாசகர் வீடு மாற்றாமல் இருக்கவும்.