பாசடீனாவின் தற்கொலைப் படை

1936-இல் கலிபோர்னியாவின் பாசடீனாவிலுள்ள கால்டெக் பல்கலைக்கழகத்தில் ராக்கெட் என்று வாயெடுத்தாலே, பேய் ஓட்ட ஆள் கிடைக்குமா என்று விசாரித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஃபிராங்க் மலினா என்ற முதுநிலை மாணவர் அதைத்தான் ஆராயப்போவதாகச் சொன்னார். பேராசிரியர் கிளார்க் மில்லிகன், பேசாமல் விமானக் கம்பெனியில் வேலை தேடிக்கொள்ளச் சொன்னார். இன்னொரு பேராசிரியர், ஹங்கேரிக்காரரான தியோடர் வான் கார்மன் மட்டும் தலையாட்டினார். ஆய்வுக்கூடம் உண்டு, அதுவும் வேலை நேரம் முடிந்தபிறகு. காசு மட்டும் கிடையாது.

மலினாவுக்கு வாய்த்த கூட்டாளிகள் அபாரம். ஜாக் பார்சன்ஸ் வெடிமருந்துக் கம்பெனி ஆள். எட் ஃபோர்மன் மெக்கானிக். இருவரிடமும் பட்டம் கிடையாது, எதையாவது உடனே கொளுத்திப் பார்க்கும் அவசரம் நிறைய உண்டு. கணக்குப் போட்டு முடிக்கும்வரை இவர்கள் கையில் தீக்குச்சி சிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மலினாவின் தலைமைப் பொறுப்பு.

அக்டோபர் 31 அன்று அரோயோ செக்கோ ஆற்றுப்படுகையில் முதல் சோதனை. ஆக்சிஜன் குழாய் தீப்பிடித்துத் தரையில் துள்ளியது. விஞ்ஞானிகள் ஓட்டம் பிடித்தார்கள். அன்று வேகமாக நகர்ந்தது அவர்கள் மட்டுமே.

பிறகு வெல்ட் அர்னால்ட் என்பவர் 1,000 டாலர் தருவதாகச் சொல்லி, முதல் தவணையைச் சில்லறை நோட்டுகளாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். ஏது பணம் என்று யாரும் கேட்கவில்லை. ஆராய்ச்சி நிதி கைக்கு வரும்போது அப்படியெல்லாம் கேட்பது மரியாதை இல்லை.

பணம் வந்ததும், ஆக்சிஜனுக்கு மாற்றாக நைட்ரஜன் டெட்ராக்சைடு வந்தது. சிலிண்டர் வால்வு சிக்கிக்கொண்டு திரவம் பீய்ச்சியடித்ததில் வளாகப் புல்வெளி கருகியது, தோட்டக்காரர் கொதித்தார். அடுத்து ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே புகை பரவ, விலையுயர்ந்த கருவிகளெல்லாம் ஒரே இரவில் துருப்பிடித்தன. 'தற்கொலைப் படை' என்று பட்டம் சூட்டி, மூட்டைமுடிச்சோடு கட்டடத்தைவிட்டு வெளியே அனுப்பினார்கள்.

யுத்தம் நெருங்கியதும் ராணுவத்துக்கு இந்தப் பைத்தியங்கள் மேதைகளாகத் தெரிந்தார்கள். 1941-இல் இவர்களுடைய ராக்கெட்டுகள் ஒரு குட்டி விமானத்தை உந்திக் கிளப்பின. 1945-இல் மலினா குழுவின் வாக் கார்ப்பரல் ராக்கெட் சுமார் 70 கிலோமீட்டர் உயரம் தொட்டது. அதே அரோயோ செக்கோ ஓரத்தில் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரி எழுந்தது. மலினாவே அதன் இயக்குநரானார்.

அங்கே உருவான வாயேஜர்-1 விண்கலம், 2012-இல் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்கே போய்விட்டது. கட்டடத்தைவிட்டு வெளியே போகச் சொன்னவர்கள், எவ்வளவு தூரம் என்று சொல்லியிருக்கலாம்.