நட்சத்திரப் பிரமாணம்: உண்ணாதார் சாட்சியம் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒரு பொருளை உள்ளபடி அறிவதற்குப் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்று வழி வகுத்துச் சென்ற நம் முன்னோர், ஓர் உணவு விடுதியின் சாம்பாரை அறிவதற்கும் அவையே போதும் என்றுதான் எண்ணியிருப்பர். உண்டு பார்ப்பது பிரத்தியட்சம். வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கொண்டு கணிப்பது அனுமானம். நாக்கு நீண்ட பெரியப்பா சொல்வது ஆப்தவாக்கியம். இம்மூன்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கைப்பேசியில் ஐந்து நட்சத்திரங்களாகத் தோன்றும் புதுப் பிரமாணம் ஒன்று இந்நாளில் கோலோச்சி வருவதால், அதன் இலட்சணத்தை ஆராய்வது அவசியமாகிறது.

இப்பிரமாணத்தின் தலையாய விசேஷம், சாட்சி சொல்பவர் உண்டிருக்க வேண்டும் என்ற நியதி இல்லாமையே. விடுதியே இருக்க வேண்டியதில்லை என்பதையும் 2017-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் டல்விச் பகுதியில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் ஐயந்திரிபற நிறுவினார். முன்பு, தாம் கண்டறியாத உணவகங்களைப் புகழ்ந்தெழுதி, உரை ஒன்றுக்குப் பத்து பவுன் கூலி வாங்கியவராதலின், அவருக்கு இத்துறையில் நல்ல பயிற்சி இருந்தது. தாம் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகைக்கு ‘தி ஷெட் அட் டல்விச்’ என்று நாமகரணம் செய்து டிரிப்அட்வைசர் என்ற கருத்துரைத் தளத்தில் பதிந்தார். பதார்த்தங்களுக்குக் காதல், ஆறுதல், சிந்தனை என மனோபாவங்களின் பெயரைச் சூட்டினார். சவர நுரை முதலியவற்றைத் தட்டில் அலங்கரித்தும், தம் குதிகாலையே இறைச்சித் துண்டம்போல் வைத்தும் படமெடுத்தார். நண்பர்கள் உண்ணாமலே ருசித்து எழுதினர். பதினெட்டாயிரத்துச் சொச்சம் உணவகங்களுக்குக் கடைசியில் நின்ற அக்கொட்டகை சில மாதங்களில் முதலிடம் எய்தியது. இடம் கேட்டு வந்த அழைப்புகளுக்கெல்லாம் இல்லை என்றே பதில் சொல்லப்பட்டதில் மகிமை மேலும் பெருகிற்று. பிற்பாடு ஒரே ஓர் இரவு விருந்தினரை உண்மையாகவே வரவழைத்து, கடையில் வாங்கிய மலிவான ஆயத்த உணவைச் சூடாக்கிப் பரிமாறியபோது, மறுபடி வர இடம் கிடைக்குமா என்று கேட்டவர்களும் அவர்களுள் இருந்தனர்! நட்சத்திரத்தின் முன் பிரத்தியட்சமும் கைகட்டி நிற்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இத்தகைய சாட்சியம் பெருகுவதன் காரணம் பொருளாதாரம். சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த ஹார்வர்டு அறிஞர் மைக்கேல் லூகா, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயரும் என்று 2011-இல் கணக்கிட்டார். நம்மூரிலோ கூலி சில சமயம் குலாப் ஜாமூன் உருவில் வருகிறது; சில சமயம் கூலியே இல்லாமலும் காரியம் நடக்கிறது. பில் வைக்கும் உறைக்குள் க்யூஆர் அட்டையைச் செருகிக்கொண்டு வரும் சர்வர், “சார், அஞ்சு ஸ்டார் போட்டு, அப்படியே என் பேரையும் எழுதிடுங்க” என்று சொல்லி நகராமல் நிற்கையில், ஓரம் மட்டும் முறுகி நடுவில் வேகாத ரவா தோசையை அப்போதுதான் முடித்திருக்கும் சாது மனிதர், அவர் முகத்தைப் பார்த்து ஐந்தையே தொடுகிறார். இதைப் பொய்ச்சாட்சி என்பது கடுமை. தாட்சண்யச் சாட்சி எனலாம்.

பரிகாரங்களும் இல்லாமலில்லை. இத்தாலியின் லெச்சே நகர நீதிமன்றம் பொய்யுரை விற்ற ஒருவருக்கு 2018-இல் ஒன்பது மாதச் சிறை விதித்தது. விலைக்கு வாங்கிய கருத்தை வெளியிடலாகாது என்று கூறும் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் வகுத்து, பின்பற்றுவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அவரவர் விருப்பம் யாதென்பது யாவரும் அறிந்ததே.

இவற்றினும் சூட்சுமமான உபாயத்தை, கலிபோர்னியாவின் ரிச்மண்டில் இருந்த போட்டோ பிஸ்ட்ரோ என்ற இத்தாலிய விடுதி 2014-இல் கைக்கொண்டது. யெல்ப் தளத்தில் தங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் இடுவோருக்குப் பீட்சாவில் 25 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தவுடன், ரசிகர்கள் திரண்டு வந்து, வஞ்சப்புகழ்ச்சியணி கைவந்த புலவர்களைப்போல் வசை பொழிந்தனர். தள்ளுபடிக்கு எழுதிய வசையும் கூலிச் சாட்சியமே அன்றோ என்று தர்க்க சாஸ்திரிகள் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபம் நியாயமே, ஆயினும் அத்தள்ளுபடியைப் பெற நினைத்தவர், குறைந்தபட்சம் ஒரு பீட்சாவையாவது வாங்கியாக வேண்டியிருந்தது.