நான்கும் சரி, முதலில் எது?

கரைத்தீவு போன்ற புத்தளம் கரையோர ஊர்களில் வெளிநாடு போகிறவரை அடையாளம் காண்பது ஒரு காலத்தில் எளிது. பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்குப் போவார், மெடிக்கல் செய்வார், சப் ஏஜன்ட்டோடு சண்டை பிடிப்பார், ஒரு விடியற்காலையில் வேன் ஏறிவிடுவார். இப்போது இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. இவர் போகுமுன்பும் படிக்கிறார், போன பிறகும் படிக்கிறார், லீவில் வந்து களப்புக் காற்று வாங்க வேண்டிய மாலையிலும் படிக்கிறார். மூன்று வருடத் தாதியர் பயிற்சி, அரச வைத்தியசாலையில் சில காலம், பிறகு வளைகுடாவில் ஓர் ஐசியு, அங்கிருந்தபடியே அமெரிக்க உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் பரீட்சை. இத்தோடு முடிந்தது என்று வீடு மூச்சு விடும் நேரத்தில், கடும் நோயாளரைப் பராமரிக்கும் தாதியருக்கான சிசிஆர்என் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் புத்தகம் விரிக்கிறார். ஊர் சிரிக்கிறது. சிரிப்பில் பிழையில்லை, காட்டப்படும் காரணத்தில்தான் பிழை. "பரீட்சையை வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா" என்பது ஊரின் குற்றச்சாட்டு. பரீட்சை மண்டபத்தைத் தாண்டி வீட்டுக்குள் வராத படிப்பு எதற்கு என்று ஊர் இன்னும் சொல்லவில்லை.

எழுத உட்காருவதற்கே ஒரு கணக்கு உண்டு. வழமையான பாதையில் போகிறவர், முந்திய இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் கடும் நோயாளரை நேரடியாகப் பராமரித்திருக்க வேண்டும், அதில் 875 மணி நேரம் கடைசி வருடத்தில். பன்னிரண்டு மணி நேர டியூட்டியாகப் பிரித்தால் 146 டியூட்டி. அதன் பிறகு 3 மணி நேரத்தில் 150 கேள்வி. அவற்றில் 25 கேள்விக்குப் புள்ளியே இல்லை, அவை பரீட்சார்த்தமாகச் சேர்க்கப்பட்டவை, எவை என்பதும் எழுதுகிறவருக்குத் தெரியாது. ஆகவே இவர் விடிய விடிய நொந்துகொள்ளும் அந்த ஒற்றைக் கேள்விக்குப் புள்ளியே இல்லாமலும் இருக்கலாம். இதை எடுத்துச் சொன்னால் ஆறுதல் அடைவார் என்று நினைக்காதீர்கள். இனி, சரியாக எழுதியதாக நம்பும் கேள்விகளுக்குப் புள்ளி இல்லையோ என்று நொந்துகொள்வார்.

இந்த வகைப் பரீட்சையின் குறும்பு, நான்கு விடையும் சரியாக இருப்பதில் இருக்கிறது. கேட்பது, தாதி முதலில் எதைச் செய்ய வேண்டும் என்பதை. மாதக்கணக்கில் இப்படியே யோசித்தவரின் வீட்டை ஒரு மத்தியானம் பாருங்கள். அடுப்பில் மீனாணம் பொங்குகிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், போன் அடிக்கிறது, மூத்தவன் நிலத்தில் விழுந்து அழுகிறான். இவர் அசையாமல் நிற்கிறார். "புள்ள கத்துறான், காது கேக்கலயா மகள்?" என்கிறார் உம்மா. "கத்துறான் எண்டா மூச்சு இருக்கு உம்மா. சின்னவன்ட சத்தத்தக் காணலயே, அவனப் பாருங்க." சின்னவன் கட்டிலுக்கடியில் ஒரு பொத்தானை வாயில் போட்டு ருசி பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊர் இதைப் பைத்தியம் என்கிறது. விபத்துப் பிரிவில் நிற்கும் எவரும் இதை வரிசை என்பார்கள்: சத்தம் போடுகிறவனுக்குச் சுவாசப்பாதை திறந்திருக்கிறது, சத்தமில்லாதவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மீனாணம் அடிப்பிடித்தது உண்மை. அது நான்காவது விடை.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில், கரண்ட் பில்லுக்கு மேலே, ஒரு தாள் ஒட்டியிருக்கும். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை, இரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை. மாமிக்கு இவை பாடமாகிப் பல நாளாகிறது. இதிலும் சிரிக்க இடமுண்டு, ஆனால் தென்னையும் களப்பும் சூழ்ந்த நாட்டில் சிறுநீரகம் செயலிழந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் அன்போடு எதைக் கொண்டு போகிறார்கள்? இளநீர். அது பொட்டாசியம் நிறைந்தது. கழிவை வெளியேற்ற முடியாத உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத்தின் துடிப்பே குழம்பிப்போகும். எனவே நோயாளியின் கையிலிருந்து இளநீரைப் பறித்து, கொண்டுவந்த மச்சானின் முகம் சுருங்குவதைப் பொருட்படுத்தாமல் தானே குடித்துவிடும் தாதியை அநாகரிகமானவர் என்பது சரியல்ல. கலியாண வீட்டிலும் இவர் விசித்திரமாகத்தான் நடந்துகொள்வார். பருத்த பெரியவர் ஒருவரைக் கண்டால் எல்லோரும் வயிற்றைப் பார்க்க, இவர் உயரத்தை அளப்பார். செயற்கைச் சுவாசக் கருவியில் காற்றின் அளவை உயரத்திலிருந்து கணிக்கும் எடைக்கே வைக்க வேண்டும், வயிறு பெருத்தால் நுரையீரலும் பெருப்பதில்லை. கடும் சுவாசக் கோளாறில் கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்ற அளவின் பின்னால் 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று நிற்கிறது. 861 நோயாளரில், பழைய பெரிய அளவு பெற்றவர்களில் 39.8 வீதத்தினரும் குறைந்த அளவு பெற்றவர்களில் 31 வீதத்தினரும் இறந்தார்கள். பிரியாணிச் சகனுக்கு முன்னால் மனதுக்குள் பெருக்கல் போடுகிறவர் இந்த வித்தியாசத்தைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

மூத்த தாதியர் சிலர் இதை ஏற்க மாட்டார்கள். ஐசியு வேலை கையில் இருக்கிறது, கடதாசியில் இல்லை என்பார்கள். கையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் நவீன தீவிர சிகிச்சை பிறந்த கதையே வேறு மாதிரிச் சொல்கிறது. 1952இல் கோப்பன்ஹேகனைப் போலியோ தாக்கியபோது, சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். இரத்தப் பரிசோதனையில் காபனீரொட்சைட்டு அளவு கூடியிருந்தது. இரத்தம் காரமாகிவிட்டது என்று அதைப் புரிந்துகொண்டார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் அதே இலக்கத்தைப் பார்த்து, சுவாசம் போதாமல் காபனீரொட்சைட்டு தேங்குகிறது, இரத்தம் அமிலமாகிறது என்றார். ஒரு 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டு, கையால் பையை அழுத்திச் சுவாசம் கொடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவு பகலாகப் பை அழுத்தினார்கள். அழுத்தும் கைகள் அதற்கு முன்பும் அந்த நகரத்தில் இருந்தன. இலக்கத்தைச் சரியாக வாசிக்க ஒருவர் வரும்வரை அவற்றுக்கு வேலை இருக்கவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டில் உண்மை கூடுதல். பழைய கேள்விகளை வட்ஸ்அப்பில் வாங்கி, கேள்வியை வாசிக்காமலே விடையை மனனம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். "ரெண்டாவது கேள்விக்கு சி" என்று தூக்கத்தில் சொல்லும் அந்த ஆளுக்காக வாதாட நான் வரவில்லை. அவர் வீட்டில் பிள்ளை அழுதாலும் சி என்றே சொல்வார். ஆனால் கேள்வி செய்து செய்து படிப்பதையே குறுக்குவழி என்று தள்ளிவிட முடியாது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழிந்தபோது முன்னால் நின்றவர்கள், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். மாமியிடம் தாளைக் கொடுத்து "கேளுங்க மாமி" என்று நிற்கிறவரின் முறை அதுதான். மாமி பிழையான விடைக்கும் "சரி மகள்" என்று சொல்லிவிடுவது தனிப் பிரச்சினை.

சான்றிதழ் என்ற கடதாசி தனியாக நின்று உயிர் காப்பாற்றுகிறதா என்றால், தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். 2011இல் கெண்டல் கலகர் குழு அமெரிக்க வைத்தியசாலைகளை ஆராய்ந்தபோது, பட்டப்படிப்போடு சேர்ந்த இடத்தில்தான் சான்றிதழின் பயன் தெரிந்தது. டிப்ளோமாவோடு வந்தவருக்கு இது கசப்பான செய்தி. படித்ததும் கடதாசியும் வேறு வேறு என்ற என் பக்கத்துக்கு அது கொஞ்சம் உதவுகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் இருப்பது பெரிய வழக்கு: இவர்கள் படிப்பதே போவதற்காக. உண்மை. 2022இன் நெருக்கடியில், மருந்தும் டொலரும் தட்டுப்பட்டபோது, அரசே தன் ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. வாசற்கதவைத் திறந்துவிட்டுப் போகிறவளைத் திட்டுவது நியாயமில்லை. அதோடு, போவதற்கும் படிப்பதற்கும் நடுவில் வருடங்கள் கிடக்கின்றன. அந்த வருடங்களில் ஏதோ ஒரு வார்டில் இரவு மூன்று மணிக்கு இரத்த அழுத்தத்தின் சராசரி 65க்குக் கீழே இறங்குவதை முதலில் கவனிக்கிறவர், அநேகமாக அந்தத் தாளை ஒட்டிவைத்திருப்பவர். முதல் தடவை தவறியவர் இன்னும் கூடுதலாகக் கவனிப்பார். அந்த விதத்தில் பரீட்சை கடினமாக இருப்பது அவருடைய நோயாளிகளுக்குக் கிடைத்த இலாபம். வீட்டுக்கு அப்படி ஒன்றும் இலாபமில்லை. சித்தியடைந்து, ஊருக்குச் சாப்பாடு கொடுத்து, மாமி நிம்மதியாகப் படுத்த பிறகுதான் சான்றிதழ் மூன்று வருடத்துக்கு மட்டும் என்பதை இவர் மெதுவாகச் சொல்வார். புதுப்பிக்க 100 கல்விப் புள்ளி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எழுத வேண்டும். மாமி கேட்கும் முதல் கேள்வி, புள்ளி சேர்க்கவும் தன்னைத்தான் கேள்வி கேட்கச் சொல்வார்களா என்பது.