மாடிக்குக் கம்பி விட்டவர்

போடிநாயக்கனூரிலிருந்து சிலமலை, ராசிங்கபுரம் வழியாகத் தேவாரம் வரும் சாலையோரத்தில், ஒற்றைத்தளத்து வீட்டின் தலைமேல் தூண்கம்பிகள் துருவேறி வானம் பார்த்து நிற்குமாயின், என்றேனும் ஒருநாள் மாடி எழுப்புவோம் என்ற சங்கல்பத்தின் அடையாளமே அது. அந்தச் சங்கல்பமே மானிட வடிவெடுத்து வந்தாற்போன்றவர் எங்களூர் சர்வர்க்காரர். சென்னையில் சில வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, ஏலக்காய் மண்டிகளின் கணக்கையும் காமிராப் பதிவையும் காப்பவர்.

வரன் பார்ப்பவர்கள்கூடப் பத்துப் பொருத்தத்தோடு நின்றுவிடுவார்கள். இவரோ ஒரு வட்டுக்கு ஃபைல் சிஸ்டம் தேர்ந்தெடுக்க ஒரு பட்சம் எடுத்துக்கொள்வார். 2008-இல் லினக்ஸில் நிலைபெற்ற ஈஎக்ஸ்டி4 பரம சாதுதான். ஆயினும் இத்தனை இடத்துக்கு இத்தனை கோப்புச்சீட்டு என்று பிறந்த அன்றே விகிதம் எழுதிவிடுவதால், துண்டுக் கோப்புகள் பெருகிச் சீட்டுத் தீர்ந்தால், கிட்டங்கி பாதி காலியாயிருந்தும் மூட்டை உள்ளே நுழையாது. சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனியார் 1990-களில் சமைத்த எக்ஸ்எஃப்எஸ் வேண்டும்போது சீட்டு எழுதிக்கொள்ளும், ஓடுகிற சர்வரிலேயே விரியும். விரிந்த வயிறு மட்டும் நடைமுறையில் சுருங்காது. வட்டுகளைக் கூட்டுக்குடும்பமாக்கும் இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட் வீட்டிலோ, பின்னால் ஒரேயொரு வட்டை மருமகளாகச் சேர்க்க, 2025 ஜனவரியில் 2.3-ஆம் பதிப்பு வரும்வரை சம்மதமில்லை.

"ஒண்ணு சரிப்படலேன்னா இன்னொண்ணா மாத்திக்க வேண்டியதுதானே தம்பி?" என்று மண்டி முதலாளி ஒருவர் கேட்டார்.

"மீட்டர்கேஜை அகலப்பாதையாக்கணும்னு 2010-ல ரயிலை நிறுத்தினாங்களே முதலாளி, போடிக்கு மறுபடி எப்ப வந்துச்சு?"

"2023 ஜூன்ல."

"அதான் முதலாளி."

ஆகவே எதைத் தேர்ந்தாலும் அடியில் எல்விஎம் என்ற கம்பியை நீட்டிவிட்டுத்தான் கட்டுவார். புது வட்டைத் தொகுதியில் சேர்த்து, பகுதியை நீட்டி, பிறகு ஃபைல் சிஸ்டத்தை விரிக்கும் அந்த முகூர்த்தத்தில் அவர் முகத்தில் தோன்றும் தேஜஸை, விளைந்த காய்க்கு விலை ஏறிய விவசாயியிடங்கூட நான் கண்டதில்லை. பழைய பதிவை அழித்தால் என்ன என்று யாரேனும் கேட்டால் மட்டும், பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட சம்பந்தி போலாகிவிடுவார்.

போன வாரமும் ஒரு விரிவு நடந்தது. கட்டளையைத் தட்ட விரல் தூக்கியவரிடம், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தாயிற்றா என்று விசாரித்தேன்.

"அதுக்குத்தான் சார் இடமில்லை" என்றார்.