நகைக்கடை விளக்கு வாழ்க!

வைரத்தை ஜொலிக்க வைப்பது யார் என்று கேட்டால், சூரத்தில் குனிந்து உட்கார்ந்து பட்டை தீட்டுகிறவர் என்று சிலர் சொல்வார்கள். விவரம் போதாதவர்கள். அந்தப் பெருமை முழுவதும், நகைக்கடை வைரப் பிரிவின் மேசைக்கு நேர் மேலே வரிசையாகப் பதித்திருக்கும் குட்டி குட்டி விளக்குகளுக்கே சேர வேண்டும். நல்லார் பொல்லார் பார்க்காத மழையைப் போல, நல்ல கல், மட்டக் கல் என்ற பேதமே இல்லாமல் எல்லாக் கல்லுக்கும் ஒளி வாரி வழங்கும் வள்ளல்கள் அவை. ஒளிப் புள்ளிகள் பல இருந்தால், எந்தப் பட்டையும் ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்துத் தெறிக்கும். வானவில் நிறங்கள் சிதறும். கண்ணாடித் துண்டை நீட்டினாலும் நாலு பொறி நிச்சயம். அந்தக் கொண்டாட்டத்தில் கல்லின் நடுப்பகுதி இருண்டு கிடப்பது யார் கண்ணிலும் படாது. அடுத்தவர் குறையை மறைப்பது பெரிய மனது இல்லையா?

இப்படி ஒரு விளக்கு அன்றே கிடைத்திருந்தால் மார்செல் டோல்கோவ்ஸ்கி பாவம், அத்தனை கணக்குப் போட்டிருக்க மாட்டார். வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த அந்த மனிதர் 1919-இல் ஒரு புத்தகமே எழுதினார். உருண்டை வைரத்தின் அடிப்பாகமான பெவிலியன் 40.75 டிகிரி சாய்ந்திருக்க வேண்டுமாம். மேல்பாகமான கிரவுன் 34.5 டிகிரி, உச்சியில் தட்டையாக இருக்கும் டேபிள், விட்டத்தில் 53 சதவீதம். காரணமும் சொன்னார். கல்லுக்குள் நுழைந்த ஒளி, அடிப்பட்டையில் போதுமான சாய்வில் மோதினால் வெளியே போக முடியாமல் திரும்பி, பார்ப்பவர் கண்ணுக்கே வந்து சேரும். சாய்வு பற்றாவிட்டால் அடிவழியாக ஒழுகிப் போய்விடும். அடிப்பாகம் தட்டையாகிவிட்டால் டேபிளுக்குள் வெளிறிய வளையம் தெரியும். தொழிலில் அதற்கு மீன்கண் என்று பெயர். ரொம்ப ஆழமாகிவிட்டால் நடுவில் ஆணித்தலை போலக் கறுப்பு விழும். ஒன்றிரண்டு டிகிரிக்கு எவ்வளவு அலட்டல் பாருங்கள்! ஸ்விட்சைத் தட்டினால் முடிகிற காரியம்.

பட்டை தீட்டுகிற சிலரின் சிக்கனத்தையும் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். மண்ணிலிருந்து வந்த கரட்டுக் கல்லை உருண்டையாக்கும்போது பெரும்பாலும் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். அந்த வீணடிப்பைப் பொறுக்காத நல்ல உள்ளங்கள், அடியைக் கொஞ்சம் ஆழமாக விட்டு, இடுப்பைக் கொஞ்சம் தடிமனாக விட்டு, சென்ட் சென்டாக எடையைக் காப்பாற்றுகின்றன. 98 சென்ட் ஆக வேண்டிய கல் இப்படித்தான் முழு 1 கேரட் ஆகிறது. விலைப் பட்டியலில் ஒரு படி ஏறுகிறது. ஒழுங்காகத் தீட்டிய 1 கேரட் கல் ஏறக்குறைய 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். சிக்கனக் கல் 6.1-இலேயே அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். மிச்ச எடை எங்கேயும் ஓடிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத வயிற்றுப் பகுதியில் பத்திரமாக இருக்கிறது. அதற்கும் சேர்த்து முழு விலை கொடுத்தாயிற்று. தங்கத்தில் சேதாரம் 2 சதவீதம் குறையுங்கள் என்று அரை நாள் வாதாடும் நம் ஜனங்கள், சேதாரமே இல்லாமல் தீட்டிய இந்த வைரத்தை மறு பேச்சில்லாமல் வாங்குவதும் நியாயம்தானே.

சான்றிதழ் தருகிறவர்களின் நிதானமும் போற்றத்தக்கது. ஜிஐஏ நிறுவனம் வைரத்துக்கு அறிக்கை தரத் தொடங்கியது 1955-இல். உருண்டை வைரத்தின் கட், அதாவது பட்டை தீட்டிய விதம், எப்படி என்று தரம் போட ஆரம்பித்தது 2006-இல். பதறாத காரியம் சிதறாது. அரை நூற்றாண்டு யோசித்திருக்கிறார்கள். யோசித்ததற்கேற்பத் தாராளமும் உண்டு. எக்ஸலன்ட் என்ற குடையின் கீழ் கிரவுன் 31.5 டிகிரியிலும் நிற்கலாம், 36.5-இலும் நிற்கலாம். எல்லாச் சேர்க்கைக்கும் இடமில்லை என்றாலும், உயர்ந்த கிரவுனும் ஆழ்ந்த பெவிலியனும் ஜோடி சேர்ந்து ஒளியைக் கொஞ்சம் ஒழுகவிடும் கல்லுக்கும் ஒரு ஓரத்தில் நிழல் கிடைக்கிறது. அச்சிடும் கோணங்கள் சராசரி. அதையும் முழுமையாக்கி எழுதுகிறார்கள். வாங்குகிறவரைத் தசமப் புள்ளிகளால் துன்புறுத்தக் கூடாது என்ற கருணை.

இனி விற்பனையாளர். "அக்கா, விளக்குக்குக் கீழே காட்டிப் பாருங்க, என்னமா டாலடிக்குது!" இதைவிடக் கச்சிதமாக ஒரு தரச் சோதனையை யாரால் சொல்ல முடியும்? சான்றிதழை வாசிக்கும்போது "பாலிஷ் எக்ஸலன்ட், சிமெட்ரி எக்ஸலன்ட்" என்று கணீரென்று படிப்பார். பக்கத்து வரியில் கட் 'குட்' என்று இருப்பதைப் படிக்கையில் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். பாலிஷ் என்பது பட்டைகளின் வழவழப்பு, சிமெட்ரி என்பது அவற்றின் ஒழுங்கு. ஒளி திரும்புமா ஒழுகுமா என்பது வேறு கதை. அந்தக் கதையைச் சொல்லி வாடிக்கையாளரைக் குழப்பாத பண்பு அவருடையது. "இது ப்ளூ ஜாகர் கல்லுங்க" என்பார் அடுத்து. அந்தப் பெயருக்குக் காரணமான தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் தட்டுப்பாடே இல்லை. அட்சய பாத்திரம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏழு கல் தோடு என்றால் இன்னும் விசேஷம். ஜோடிக்குப் 14 கல். பின்பக்கம் மூடிக் கட்டிவிட்டால் அடிப்பாகம் தட்டையா ஆழமா என்ற விசாரமே நமக்கு இல்லை. நகைக்குத் தரும் அட்டையில் மொத்த எடை இருக்கும், நிறமும் தெளிவும் இருக்கும். கோணம் இருக்காது. காதுக்குள் போய்க் கோணமானியா வைக்கப் போகிறோம்?

இந்த விளக்கு நாகரிகம் தெரியாமல் போனவர்கள் வெள்ளைக்காரர்கள். 1851-இல் லண்டன் பெரும் கண்காட்சியில் கோஹினூர் வைரத்தை வைத்தார்கள். பார்க்க வந்த கூட்டம் உதட்டைப் பிதுக்கியது. எரிவாயு விளக்குகளை ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் கூட்டம் மசியவில்லை. மறு ஆண்டே கல்லை மறுபடி தீட்டச் சொன்னார்கள். 186 கேரட் என்று சொல்லப்பட்ட கல் 105.6 கேரட்டாக இளைத்தது. ஜொலிப்புக்காக 80 கேரட்டுக்கு மேல் தூளாக்கிய ஊதாரித்தனம்! நம் கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், "விளக்கை மாத்துங்க சார், எடைல கை வைக்காதீங்க" என்று கோஹினூரைக் காப்பாற்றியிருப்பார்.

வாங்கப் போகிறவர்கள் சில கெட்ட காரியங்களைச் செய்யாதிருக்க வேண்டும். கல்லை விளக்கடியிலிருந்து நகர்த்தி, சன்னல் பக்கம் கொண்டுபோய் வெயில் படாத வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். அங்கேயும் வெள்ளையாகப் பளிச்சிடுகிற கல் எது, சாம்பல் பூத்துப் போகிற கல் எது என்று தெரிந்துவிடும். மேசைக்கு அடியில் பிடித்துப் பார்ப்பது அதைவிட மோசம். ஒரே எடையில் இரண்டு கல்லை அருகருகே வைத்து மெதுவாக அசைத்துப் பார்க்காதீர்கள். அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் விற்பனையாளர் மனம் புண்படும். ஒளி ஒழுகும் இடத்தை வெளுப்பாகவும் திரும்பும் இடத்தைச் சிவப்பாகவும் காட்டும் ஐடியல்ஸ்கோப் என்ற குழாய்க் கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போகிறவர்கள் விருந்தோம்பலை அவமதிப்பவர்கள். கல்லின் இடுப்பான கர்டிலில் லேசரால் பொறித்த எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று லூப் என்ற உருப்பெருக்கி வைத்துச் சரிபார்ப்பது சந்தேகப் புத்தி.

கடைசிப் புகழ் நமக்குத்தான். கேரட் எவ்வளவு என்று கேட்போம், கலர் கேட்போம், க்ளாரிட்டி கேட்போம். இந்த மூன்றுக்கும் மூலம் மண். நான்காவதான கட் ஒன்றுதான் முழுக்க மனிதன் கைவேலை. கல் ஜொலிப்பதும் அதனால்தான். அதை மட்டும் கேட்கவே மாட்டோம். ஜொலிப்புக்காகவே வைரம் வாங்கி, ஜொலிப்பைத் தவிர எல்லாவற்றையும் விசாரிக்கும் இப்படிப்பட்ட தங்கமான வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை, யாரும் ஒழுங்காகப் பட்டை தீட்ட வேண்டிய அவசியமே இல்லை.