பந்து சுமந்த பன்றிக்குட்டி

கேள்வி: அமெரிக்காவில் ‘சுயேச்சை’ பேஸ்பால் லீக் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

பதில்: தேர்தல் சுயேச்சை மாதிரிதான், கட்சி நிதி கிடையாது, கைக்காசு! பெரிய லீக் அணிகளோடு இணைந்த மற்ற சின்ன அணிகளின் ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பெரிய அணியே சம்பளம் கொடுத்துவிடும். சுயேச்சை அணிக்கு டிக்கெட், தின்பண்டம், விளம்பரப் பலகைதான் கதி. சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைக்கும். நன்றாக ஆடுபவரைப் பெரிய அணி ஒப்பந்தத்தோடு விலைக்கு வாங்கிப் போய்விடும். ஆகவே, கூட்டம் சேர்க்க வித்தை காட்ட வேண்டும். 1993இல் நார்தர்ன் லீக் என்ற சுயேச்சை லீக்கில் இறங்கிய செயின்ட் பால் செயின்ட்ஸ் அணி, அம்பயருக்குப் புதுப் பந்துகளைப் பன்றிக்குட்டியின் முதுகில் ஏற்றி அனுப்பியது! அணியின் பங்குதாரர்களில் ஒருவராக இருந்தவர் நகைச்சுவை நடிகர் பில் மர்ரி. அந்த லீக் 2010 சீசனோடு மூடப்பட்டது. செயின்ட்ஸ்? 2021இல் பெரிய லீக் அணியான மின்னசோட்டா ட்வின்ஸோடு அதன் சின்ன அணியாகச் சேர்ந்துவிட்டது. ஜெயித்த சுயேச்சை வேறெங்கே போகும்?